யாரும் பேர் வைக்காத பூஞ்சை

"மேடம், ப்ளூபெர்ரி பட்டுப்போகுது."

போனில் அந்தக் குரல் இப்படித்தான் ஆரம்பித்தது. நான் சரியாகக் காதில் வாங்கவில்லையோ என்று நினைத்து, "எது பட்டுப்போகுது?" என்று மறுபடி கேட்டேன்.

"ப்ளூபெர்ரி மேடம். பழம். நீலமா, சின்னதா இருக்கும்ல."

"எங்கிருந்து பேசுறீங்க?"

"திருப்புல்லாணிக்கு இங்கிட்டு. கீழக்கரை ரோட்டுல நம்ம தோட்டம்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் பயிர் நோய் பார்க்கிற யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். எங்கள் பக்கம் மிளகாய், பருத்தி, மழை பெய்தால் நெல். குளிர் தேசத்தில், புளிப்பான மண்ணில் வளர்கிற ஒரு செடி, உப்புக்காற்று அடிக்கிற கீழக்கரை ரோட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறது?

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க்காரர் வீட்டுப் பெண். பயிர் நோயியல் படித்துவிட்டு, ராமநாதபுரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு சின்ன விவசாயக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் கொண்டுவருவது ஒரே மாதிரியான நோய்கள்தான். மிளகாய்ப் பழ அழுகல், நெல்லில் குலைநோய், பருத்தியில் வாடல். பையைத் திறந்ததும் சொல்லிவிடுவேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிருந்தது. அந்த போன் வந்த மறுநாள் காலையில் என் தோழியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து கிளம்பினேன். அவள் பாம்பன்காரி. என்னோடு அதே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். பக்கத்து ஆய்வகம் அவளுடையது. மண்ணும் நுண்ணுயிரும் அவள் பாடம். "ப்ளூபெர்ரியப் பாக்காம நான் எப்டிடீ இருப்பேன்" என்று தானாகவே வண்டியை எடுத்துவிட்டாள்.

தோட்டத்துக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வளைகுடாவில் ஒரு பெரிய பழக்கடையின் குளிர்கிடங்கில் பல வருஷம் வேலை பார்த்தவர். தினம் பெட்டி பெட்டியாக ப்ளூபெர்ரியை இறக்கி அடுக்கியிருக்கிறார். ஊருக்குத் திரும்பியதும், குடும்பத்து மிளகாய்க் காட்டின் ஓரத்தில் பச்சை நிழல்வலை போட்டு, வெப்பத்தைத் தாங்கும் ரகம் என்று மலையடிவார நாற்றங்கால் ஒன்றிலிருந்து கன்றுகளை வாங்கி வந்து வைத்திருக்கிறார். மண்ணையே அவர் தொடவில்லை. எல்லாம் பைகளில். தென்னை நார்க்கழிவும் மரப்பட்டைத் தூளும் போட்ட பைகள். போர்த் தண்ணீர் உப்பு என்பதால் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, அதில் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் கலந்து, சொட்டுச் சொட்டாக விடுகிறார். வலைக்குள் நுழைந்ததும் என் சிரிப்பெல்லாம் போய்விட்டது. செடிகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. சிலதில் பச்சைக் காய்கள் கொத்தாகத் தொங்கின.

"காய்ச்சிருக்கே!" என்றாள் தோழி.

"அதான் மேடம் வயித்தெரிச்சலு. காய்ச்சப்புறம் காயுது" என்றார் அவர்.

காய்ந்திருந்த விதம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. வெயிலில் கருகினால் செடி முழுக்க இலை ஓரங்கள் கருகும். உப்பு ஏறினாலும் அப்படித்தான். இங்கே ஒரு செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் செம்பழுப்பாகக் காய்ந்து, இலைகள் உதிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. பக்கத்துக் கிளை பசேலென்று இருந்தது. அடுத்த செடியில் பாதி. அதற்கடுத்தது முழுசாகப் போய்விட்டது.

அவர் மனைவி மிளகாய்க் காட்டிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். "இந்த ஊர் வெயிலுக்கு அது தாங்குமா? நான் அன்னைக்கே சொன்னேன். கேட்டாத்தானே" என்றார். கணவரைச் சொல்கிற சாக்கில் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். இந்தப் பிள்ளை என்ன கண்டுபிடிக்கப்போகிறது என்கிற பார்வை.

நான் கத்தியை எடுத்து, காய்ந்த கிளையைப் பச்சைத் தண்டோடு சேர்கிற இடத்துக்குக் கீழே வெட்டினேன். குறுக்கு வெட்டில் பாதித் தண்டு வெள்ளையாக இருந்தது. மீதிப் பாதியில், கேக்கில் ஒரு துண்டு வெட்டின மாதிரி, நடுவிலிருந்து பட்டை வரைக்கும் பழுப்பு. தண்டை நீளவாக்கில் பிளந்தேன். அந்தப் பழுப்பு ஒரே பக்கமாக, கோடு பிடித்த மாதிரி கீழே இறங்கிப் போயிருந்தது.

"அண்ணே, இது வெயில் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "உள்ள என்னமோ இருக்கு. மேல இருந்து கீழ நடந்து வருது."

வழியில் என் பழைய பேராசிரியருக்கு போன் போட்டேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "ராம்நாட்ல ப்ளூபெர்ரி வச்சா காயாம என்னம்மா செய்யும்? உப்பும் வெயிலும்தான். நீ மிளகாயப் பாரு" என்று வைத்துவிட்டார்.

ஆய்வகத்துக்கு வந்து, தண்டில் செத்த பகுதியும் உயிருள்ள பகுதியும் சேர்கிற எல்லையிலிருந்து பொடிப் பொடித் துண்டுகள் வெட்டினேன். நோய்க்கிருமி உயிரோடு இருப்பது அந்த எல்லையில்தான். முழுசாகச் செத்த இடத்தில் பிணம் தின்ன வந்த மற்றவை எல்லாம் குடியிருக்கும். துண்டுகளைப் பிளீச்சிங் கரைசலில் முக்கி, சுத்தமான நீரில் அலசி, பெட்ரி தட்டுகளில் வைத்தேன். தட்டில் இருப்பது உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரும் சர்க்கரையும், அதைக் கெட்டியாக்க அகரும். அகர் கடல்பாசியிலிருந்து எடுப்பது. என் தோழியின் அம்மா அந்தப் பாசியை எடுக்கத்தான் பாம்பன் கடலில் மூழ்கி எழுந்து அவளைப் படிக்கவைத்தவர். ஒவ்வொரு முறை அகரைக் கொதிக்கவைக்கும்போதும், "இது எங்கம்மா பறிச்சதா இருக்கும்டீ, சிந்தாமப் போடு" என்பாள்.

பூஞ்சை வளர்ந்த வேகத்தைப் பார்த்து இரண்டு பேரும் அசந்துபோனோம். வெள்ளிக்கிழமை வைத்தது, திங்கட்கிழமை காலையில் தட்டு நிறைய வெள்ளைப் பஞ்சாக மூடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. பிறகு நாளுக்கு நாள் சாம்பல் ஏறி, தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் மை ஊற்றின மாதிரி கறுத்தது. வைத்த துண்டுகள் எல்லாவற்றிலும் அதே ஒன்று. ஒரு தட்டில்கூட வேறு எதுவும் வரவில்லை.

தண்டைக் காயவைக்கும் பூஞ்சைகளில் இப்படி வெள்ளையில் தொடங்கிக் கறுக்கும் ஒரு பெரிய குடும்பம் உண்டு. மாம்பழக் காம்பழுகல் முதல் வாழை வரை எல்லாவற்றிலும் கைவைக்கும் குடும்பம். நான் அதில் ஒன்றைத்தான் நினைத்தேன். அது பரவுவதற்கு விடும் நுண்ணிய வித்தைப் பார்த்தால் போதும், இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். பழுப்பு நிறத்தில், இரண்டு அறையாக, மேலே நீளவாக்கில் கோடுகள் இருக்கும்.

ஆனால் வித்து வரவேண்டுமே. எங்கள் பூஞ்சை கறுப்புப் பஞ்சாகவே கிடந்தது. குளிர்நாட்டு ஆய்வகங்களில் பைன் மரத்தின் ஊசியிலைகளை அகர் மேல் வைப்பார்கள். இலையின் மேல் பூஞ்சை பொட்டுப் பொட்டாகக் காய்பிடித்து, அதற்குள் வித்து வைக்கும். பைனுக்கு நான் எங்கே போவது?

"சவுக்கு இருக்குல்ல" என்றாள் தோழி. கடற்கரை முழுக்கச் சவுக்கு. அதுவும் ஊசி மாதிரிதான். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். ஆவியில் அவித்துச் சுத்தம் செய்து, தட்டில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பூஞ்சையை வைத்து, ஜன்னல் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்தோம். அப்புறம் காத்திருந்தோம். மாசிக் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தது. தினமும் வந்ததும் பையைக்கூட மேசையில் வைக்காமல் தட்டுகளைத்தான் பார்ப்பேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒரு நாள் மதியம், சாப்பாட்டுக்கு எழுந்தவள் சும்மா ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தேன். சவுக்கு ஊசியின் மேல் கடுகை விடச் சின்னதாகக் கறுப்புப் பொட்டுகள். ஒன்றின் உச்சியில் பளபளவென்று ஒரு துளி.

"ஏய், வந்துருச்சு! வாடீ!" என்று வராண்டாவுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

ஒரு பொட்டை ஊசி முனையில் எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீரில் நசுக்கி, நுண்ணோக்கியில் வைத்து, கண்ணைக் கொண்டுபோகிறேன், கரண்ட் போய்விட்டது. விளக்கு அணைந்து எல்லாம் இருட்டு. அழுகை வந்துவிட்டது எனக்கு. தோழி மாணவர் ஆய்வகத்துக்கு ஓடினாள். அங்கே அலமாரி மேல் யாரும் தொடாத பழைய நுண்ணோக்கி ஒன்று கிடந்தது, விளக்குக்குப் பதில் அடியில் கண்ணாடி வைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து வராண்டா சுவர் மேல் வைத்தாள். ராமநாதபுரத்து வெயிலுக்கா பஞ்சம்? கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தை மேலே ஏற்றினாள். நான் குனிந்து பார்த்தேன்.

கோடுகள் இல்லை.

இரண்டு அறை இல்லை. முழுப் பழுப்பும் இல்லை. படகு மாதிரி இரண்டு பக்கமும் கூர்ந்த வித்துகள், கண்ணாடி மாதிரி நிறமில்லாமல். முதிர்ந்தவற்றில் மட்டும் குறுக்கே இரண்டு தடுப்புகள், அந்தத் தடுப்புகளுக்கு நடுவே உள்ள அறை மட்டும் காப்பி நிறம். இடுப்பில் துண்டு கட்டின மாதிரி. ஒரு முனையில், நான் எந்தப் படத்திலும் பார்த்திராத ஒரு சின்ன வால்.

"என்ன தெரியுது?" என்று தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தெரியல" என்றேன். "இது என்னன்னு எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியாது என்று இவ்வளவு சந்தோஷமாக நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவளும் பார்த்தாள். மாற்றி மாற்றிப் பார்த்தோம். சாப்பாட்டு டப்பாக்கள் மேசை மேலேயே ஆறிப்போய்க் கிடந்தன.

பேராசிரியருக்குப் படம் அனுப்பினேன். இந்த முறை அவரே கூப்பிட்டார். வாலை எத்தனை வித்தில் பார்த்தாய் என்று கேட்டார். பிறகு, "புதுசா இன்னொரு செடியில இருந்து எடுத்து வளர்த்துப் பாரு. வாலோட அதே வந்தா என்னைக் கூப்பிடு" என்றார். எடுத்தேன். வாலோடு அதே வந்தது. பூஞ்சையின் மரபணுவைப் பிரித்து, அதன் எழுத்து வரிசையைப் படித்துத் தரும் ஒரு நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வந்த வரிசையை, உலகத்தில் இதுவரை படிக்கப்பட்ட பூஞ்சைகளின் வரிசைகளோடு கம்ப்யூட்டரில் ஒப்பிட்டேன். நெருங்கின சொந்தங்கள் வந்தன. சித்தப்பா மகன், பெரியப்பா மகன் என்று சொல்லலாம். ஆனால் இதுதான் அது என்று ஒன்றுகூட வரவில்லை. குடும்ப மரம் போட்டுப் பார்த்தால், எங்கள் பூஞ்சை தனிக் கிளையில் தனியாக உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு நான் தரையில் கால் பாவி நடக்கவில்லை. பேருந்தில் ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவிடம், "ஒரு புது உயிர் கண்டுபிடிச்சிருக்கோம்க்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "நல்லபடியா பிறக்கட்டும் தாயி" என்றார்.

ஆனால் வேலை முடியவில்லை. செத்த செடியில் ஒரு பூஞ்சை இருந்தது என்பதால் அதுதான் கொன்றது என்று ஆகிவிடாது. நல்ல செடியில் அந்தப் பூஞ்சையை ஏற்றி, அதே நோய் வருவதைப் பார்த்து, அந்தச் செடியிலிருந்து அதே பூஞ்சையைத் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும். அதற்கு ஆரோக்கியமான ப்ளூபெர்ரிச் செடிகள் வேண்டும். எனக்குத் தெரிந்து அவை இருந்தது ஒரே இடத்தில்தான்.

தோட்டத்துக்காரர் காதில் விழுந்ததை நம்பமாட்டாதவராக நின்றார். "காப்பாத்துங்கன்னு கூப்டா, நல்லதையும் சாகடிக்கக் கேக்குறீகளே!"

"ஆமாண்ணே. ஆனா எது கொல்லுதுன்னு உறுதியாச் சொல்லணும்னா வேற வழி இல்ல."

"அதெல்லாம் ஏலாது. காயோட நிக்கிற செடிய நான் தரமாட்டேன்."

அவர் மனைவி மிளகாய்ச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கேட்டார். "இப்படியே விட்டா இதுவும் சாகுமா சாகாதா?"

"சாகலாம் மதினி."

"அப்ப எதுக்குச் செத்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டாவது சாகட்டும். குடுத்து விடுங்க." கணவர் வாயைத் திறந்தார். "நீங்க சும்மா இருங்க. அந்தப் பிள்ளைக வெயில்ல அலையிதுக."

அவர் வேண்டாவெறுப்பாக வலைக்குள் போய், ஓரத்தில் நோஞ்சானாக நின்ற செடிகளைத் தூக்கிவந்தார். நான் தலையை ஆட்டினேன். "நல்ல செடி வேணும்ணே." அவர் என்னை முறைத்தார். மறுபடி உள்ளே போனார். கொண்டுவந்த செடிகள் தளதளவென்று இருந்தன. ஸ்கூட்டியில் ஏலாது என்று அவரே தன் சரக்கு ஆட்டோவில் ஏற்றி, பைகள் ஆடாமல் சாக்கை அணைகொடுத்து வைத்து, கல்லூரி வரைக்கும் மெதுவாக ஓட்டிவந்தார்.

பாதிச் செடிகளின் தண்டில் சின்னக் காயம் போட்டு, பூஞ்சை வளர்ந்த அகர் துண்டை வைத்துக் கட்டினோம். மீதிச் செடிகளுக்கும் அதே காயம், ஆனால் வெறும் அகர். அவை ஒப்பிடுவதற்கு. அவற்றுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. பூஞ்சை ஏற்றியவை சரசரவென்று காயத் தொடங்கின. அதே செம்பழுப்பு, அதே ஒட்டிக்கொண்ட இலைகள். ஒரு செடி வாடுவதைப் பார்த்துக் கைதட்டுவது பாவம்தான். நாங்கள் கைதட்டினோம்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், ஒப்பிட வைத்திருந்த செடிகளில் ஒன்று வாடி நின்றது. வெறும் அகர் வைத்த செடி.

ஓடிப்போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்தியால் தண்டை வெட்டினேன். அதே கேக்குத் துண்டுப் பழுப்பு. ஆக, எங்கள் சோதனையே செல்லாது. யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? பூஞ்சை வைக்காமலே செடி சாகிறது என்றால், பூஞ்சை கொல்கிறது என்று எப்படிச் சொல்வது? கைகழுவாமல் ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு நாங்களே பரப்பிவிட்டோமா? தோழியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் செடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டீ, பழுப்பு எங்க ஆரம்பிச்சிருக்குன்னு பாரு."

பார்த்தேன். நாங்கள் காயம் போட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை. அது ஆறிப் பச்சையாகியிருந்தது. பழுப்பு தொடங்கியது அதற்கு ஒரு ஜாண் மேலே. அங்கே தண்டு ஒரு குச்சியோடு சணலால் கட்டியிருந்தது. செடி சாயாமல் இருக்கத் தோட்டத்தில் நட்ட முட்டுக்குச்சி. மற்ற செடிகளின் குச்சிகளை வண்டியில் ஏற்றும்போது பிடுங்கிப் போட்டுவிட்டோம். இது ஒன்று மட்டும் கட்டோடு வந்துவிட்டது. காற்றில் குச்சி உராய்ந்த இடத்தில் தண்டுத்தோல் தேய்ந்திருந்தது.

நான் குச்சியைக் கையில் எடுத்தேன். காய்ந்த சீமைக்கருவேலங் குச்சி. எங்கள் பக்கம் கருவை என்பார்கள். வேலி, விறகு, கரிமூட்டம், எல்லாம் அதுதான். கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டினாலும் ஒரு கருவை முள் குத்தும். அதன் பட்டையை நகத்தால் உரித்தேன். அடியில் வரிசை வரிசையாகக் கறுப்புப் பொட்டுகள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினோம். வாசலில் முட்டிக்கொண்டோம். நுண்ணோக்கியை நான் அவசரமாகத் திருகியதில் வித்துகள் ஓடி ஓடி மறைந்தன. தோழி என் கையை விலக்கிவிட்டுத் தானே சரிசெய்து பார்த்தாள். பார்த்ததும் அப்படியே நிமிர்ந்தாள்.

"வாலு இருக்குடீ."

பேராசிரியரை அழைத்துச் சொன்னபோது எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "கருவையிலயா? அது ஊரெல்லாம் கெடக்கே!" என்று அவரும் கத்தினார். இத்தனை வருஷமாக நான் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் நின்ற மரம். அதன் செத்த கிளைகளில் இது பாட்டுக்கு வாழ்ந்துகொண்டு இருந்திருக்கிறது. யாரும் உரித்துப் பார்க்கவில்லை. கருவைக்கு நோய் வந்தால் யார் கவலைப்படப்போகிறார்கள்? வெளியிலிருந்து ஒரு மெல்லிய தோல் செடி வந்து பக்கத்தில் நின்றபோதுதான் அது தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

அன்று பிற்பகலே தோட்டத்துக்குப் போனோம். வலைக்குள் போய் ஒவ்வொரு குச்சியாகப் பார்த்தேன். எல்லாம் கருவை. வேலியோரத்தில் வெட்டியது. செத்த செடிகளின் குச்சிகளில் பொட்டுகள் அடர்த்தியாக இருந்தன. நான் சொல்லச் சொல்ல, தோட்டத்துக்காரரின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப நானே கொண்டாந்து நட்டிருக்கேன்" என்றார் மெல்ல.

"உங்களுக்கு எப்படித் தெரியும்ணே? உலகத்துல யாருக்குமே தெரியாதே இது."

அவர் மனைவி அதற்குள் ஒரு பக்கத்திலிருந்து குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார். "பேசிக்கிட்டு நிக்கிறதுக்கா? புடுங்குங்க. அங்கன போட்டுக் கொளுத்துவோம்." நான்கு பேரும் சேர்ந்து பிடுங்கினோம். குச்சிகளுக்குப் பதிலாக மேலே கம்பி இழுத்து, செடிகளை நூலால் தொங்கவிட்டுக் கட்டினோம். காய்ந்த கிளைகளை, பழுப்பு முடிந்து வெள்ளைத் தண்டு தெரிகிற வரைக்கும் கீழே இறங்கி வெட்டினோம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரியை ஸ்பிரிட்டில் துடைக்கச் சொன்னேன். "ஆஸ்பத்திரி மாதிரில இருக்கு" என்று அவர் முனகிக்கொண்டே துடைத்தார்.

கிளம்பும்போது நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் மனைவி சொன்னார்: "மறுபடி செடி வேணும். அதானே கேக்கப் போறீக?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஆமா மதினி. குச்சி தொடாத கன்னு வேணும்."

இந்த முறை அவர் கணவர் மறுக்கவில்லை. புதிதாக வந்து இன்னும் பையில் மாற்றாத கன்றுகளை அவரே எடுத்துவைத்தார். "நல்லாப் பாருங்க. இதுல தெரியலேன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

இரண்டாம் சோதனையில் தவறே இல்லை. பூஞ்சை ஏற்றியவை எல்லாம் காய்ந்தன. வெறும் அகர் வைத்தவை எல்லாம் பச்சையாக நின்றன. காய்ந்த தண்டுகளிலிருந்து மறுபடி வளர்த்தபோது, வெள்ளைப் பஞ்சு, சாம்பல், கறுப்பு, சவுக்கின் மேல் பொட்டு, பொட்டுக்குள் வால் வைத்த வித்து. ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு படியையும் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

புது உயிர் என்றால் பேர் வைக்க வேண்டும். லத்தீனில் இரண்டு சொல். முதல் சொல் நெருங்கின சொந்தங்களின் பொதுப் பேர், அது ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவதைக் கண்டுபிடித்தவர்கள் வைக்கலாம். தோட்டத்துக்காரரிடம் விளையாட்டாக, "உங்க பேர வச்சுருவோமாண்ணே?" என்றேன். பதறிவிட்டார்.

"ஆத்தாடி! நோய்க்கு எம்பேரயா? ஊருக்குள்ள பொண்ணு எடுக்க வரமாட்டாங்க. வேணாம் மேடம்."

"அவுக பேர வைங்க. செடியக் கொண்டாந்து வச்சது அவுகதானே" என்று மனைவி சிரித்தார். முதல்முறையாக அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். கடைசியில் கடலோரத்தைச் சேர்ந்தது என்று பொருள் தரும் ஒரு சொல்லை வைத்தோம். தோழிக்கு அதில் ஏகப்பட்ட திருப்தி. "பாம்பனும் அதுல வந்துருதுல்ல" என்றாள்.

எழுதி அனுப்பினோம். ஆய்விதழில் இருந்து கேள்விகள் வந்தன. வாலை இன்னும் தெளிவாகக் காட்டும் படம் கேட்டார்கள். கருவையில் வேறு எந்த இடங்களில் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அதற்காகத் தொண்டி வரைக்கும் ரோட்டோரமாகக் கருவைக் குச்சிகளை உரித்துக்கொண்டே போனோம். பேருந்துக்கு நின்ற ஒருவர், விறகு பொறுக்குகிறோம் என்று நினைத்து, அங்கிட்டு நிறையக் கிடக்கிறது என்று வழிகாட்டினார். அவர் காட்டிய இடத்திலும் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கிய ஒரு காலையில், ஏற்றுக்கொண்டோம் என்று மின்னஞ்சல் வந்தது. நான் அதை வாசித்துவிட்டு எழுந்து நின்றேன். பிறகு மறுபடி உட்கார்ந்து வாசித்தேன். தோழி அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டதில் இரண்டு பெட்ரி தட்டுகள் கீழே விழுந்தன. நல்லவேளை, காலித் தட்டுகள்.

அந்த வாரத்திலேயே தோட்டத்துக்காரரும் மனைவியும் கல்லூரிக்கு வந்தார்கள். மழையில் நனைந்த சேலையைப் பிழிந்துவிட்டு, மனைவி கையில் வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவை மேசையில் வைத்தார். உள்ளே ஒரு பிடி ப்ளூபெர்ரி. வெட்டிவிட்ட செடிகள் மழைக்குத் துளிர்த்துவிட்டன என்றும், தப்பிய செடிகளில் பழுத்ததைப் பறித்துவந்தோம் என்றும் கணவர் சொன்னார். நாங்கள் ஆளுக்கு ஒன்று வாயில் போட்டோம். புளிப்பும் இனிப்பும் சேர்ந்த, கொஞ்சம் துவர்ப்பான ருசி. தோழி கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று எடுத்தாள்.

"நாவப்பழத்துக்குத் தம்பி மாதிரி இருக்கு" என்றார் அவர் மனைவி. "இதுக்கு இம்புட்டுப் பாடு."

"அந்தப் பூஞ்சையப் பாக்குறீகளா மதினி?" என்றேன்.

நுண்ணோக்கியை அவர் உயரத்துக்குச் சரிசெய்து கொடுத்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். தலையை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். ஒன்றும் தெரியவில்லையோ என்று நான் குமிழைத் திருப்பக் கைநீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"இருங்க, இருங்க. தெரியிது." குரல் தாழ்ந்துவிட்டது. "வள்ளமா மிதக்குது. இம்புட்டு அழகா இருந்துக்கிட்டா நம்ம செடியக் கொன்னுச்சு?"

கணவர் பின்னால் நின்றுகொண்டு, "ஏ, தள்ளு. நான் பாக்கவேணாமா? செடி என்னுது" என்றார்.

"பாப்பீக, பாப்பீக. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை எடுக்காமல் அப்படியே நின்றார். வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது.